புறங்கையால் தொட்டவன்

நான் பயந்தாங்கொள்ளி. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மின்சார லைன் வேலையில் என் கூடச் சேர்ந்தவர்களில் தைரியசாலி என்று பேர் எடுத்த சிலர் பென்ஷன் வாங்காமலே போய்ச் சேர்ந்தார்கள். நான் இன்றைக்கும் மாதம் பிறந்தால் வாங்குகிறேன்.

சில நாளுக்கு முன் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருமுனைக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானைக் கழற்றிவிட்டுச் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். கீழே நின்றுகொண்டிருந்த லைன்மேனிடம், "உப்புக் காத்து தாங்குமாப்பா?" என்று கேட்டேன். "இத்த தொடைக்கவே வேணாம் பெரியவரே, மாட்னா மாட்னதுதான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. துடைக்க வேண்டாத பொருள் ஒன்று கடற்கரையில் இருக்க முடியும் என்று இந்த வயதில் என்னால் நம்ப முடியாது. இதைப் பென்ஷன்காரர் சங்கத்து நண்பர்களிடம் புலம்பப் போய், "அப்படியானால் நம் சங்கத்து ஆண்டு மலருக்கு அதையே எழுதிக் கொடு" என்று மாட்டிவிட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் வேலைக்கு வந்தேன். ராயபுரத்தில் ஒரு பட்டறையில் வயர் இழுக்கக் கற்றதுதான் என் படிப்பு. எது கரண்டைக் கடத்தும், எது கடத்தாது என்று ஆரம்பத்திலேயே ஒப்பிக்க வைத்துவிட்டார்கள். செம்பு, இரும்பு, ஈயம், தகரம், அடுப்புக் கரிகூடக் கடத்தும். பீங்கான், கண்ணாடி, ரப்பர், காய்ந்த மரம், காய்ந்த துணி கடத்தாது. ஒப்பிப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் காய்ந்த மரத்தை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் கஷ்டம். அங்கே வேட்டியை மத்தியானம் முழுக்க வெயிலில் போட்டாலும், பொழுது சாய்ந்ததும் பிசுபிசுவென்று ஆகிவிடும். உப்பு விடாது. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அந்த உப்பு பீங்கானிலும் படியும். கம்பத்தையும் கம்பியையும் ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருப்பது அந்தப் பீங்கான் ஒன்றுதான். அதன் மேல் உப்பு, உப்பின் மேல் ரயில் எஞ்சின் புகை, புகையின் மேல் தொழிற்சாலைத் தூசி. விடியற்காலைப் பனி இறங்கினதும் இந்தக் கலவை நனைந்து கரண்டுக்கு வழிவிடும். எர்ணாவூர் பக்கம் அந்த நேரத்தில் நடந்தால் தலைக்கு மேலே 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அண்ணாந்து பார்த்தால் பீங்கானின் இடுப்பில் நீல நிறத்தில் பொடிப் பொடியாக ஏதோ ஊரும். காலையில் அந்தக் கம்பத்தில்தான் நான் ஏறியாக வேண்டும்.

லைனை நிறுத்திவிட்டு ஏறி, காய்ந்த துணியால் ஒவ்வொரு பீங்கானாகத் துடைப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் மேஸ்திரி காதர் பாய். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், ஒல்லி, பல்லெல்லாம் வெற்றிலைக் காவி. கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிக்கவும் மாட்டார். நாங்கள் துடைத்து இறங்கினதும் அவர் ஏறுவார். பீங்கானின் அடி மடிப்பில், யாருடைய துணியும் சரியாக எட்டாத இடத்தில், நாக்கை வைத்துப் பார்ப்பார். அப்புறம் மேலேயிருந்தே குரல் வரும்.

"இன்னா நைனா, தொடச்சியா, இல்ல தடவிக் குட்த்தியா? கரிக்குது. திரும்ப ஏறு."

முதலில் எங்களுக்கு இது கேவலமாக இருந்தது. ஊரெல்லாம் எச்சில்படுத்துகிறாரே என்று சிரித்தோம். பிறகு நாங்களும் நக்க ஆரம்பித்தோம். கண்ணுக்குத் தெரியாத உப்பு நாக்குக்குத் தப்பாது. கடைசியில் எச்சில் ஈரத்தையும் துடைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அவரிடம் இன்னும் இரண்டு வழக்கம் உண்டு. எந்த உலோகத்தையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கரண்டு பாய்ந்தால் விரல்கள் மடங்கும். உள்ளங்கையால் தொட்டவன் கை மடங்கி, தொட்டதையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கையால் தொட்டவன் கை தன்னால் விலகிவிடும். இன்னொன்று, லைன் நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். கரண்டை நிறுத்தப் போகிறவர், பிடுங்கின பீஸ் கட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். பீஸ் கட்டை என்பது கம்பி பூட்டின சின்னப் பீங்கான் துண்டு. அது மாட்டின இடத்தில் இருந்தால்தான் கரண்டு ஓடும். "கட்ட உன் கைல கீதா? இல்லல்ல? அப்பறம் எப்டி லைன் ஆப்புன்னு சொல்ற?" என்பார். அவ்வளவுதான், கம்பத்தில் ஏறாமல் நடந்துவிடுவார்.

எங்கள் கூட வேலை செய்த கோவிந்தசாமிக்கு இதெல்லாம் பிடிக்காது. நல்ல உடம்புக்காரர், வெறும் காலோடு கம்பம் ஏறுவார், என்னைப் 'பொட்டலம்' என்று கூப்பிடுவார். ஒரு சாயங்காலம் மேலே சாமான் இழுக்கிற எங்கள் பருத்திக் கயிறு அறுந்துபோக, கரையிலிருந்த மீனவர் ஒருவரிடம் கட்டுமரக் கயிறு ஒன்றை வாங்கி வந்தார். கயிறு காய்ந்துதான் இருந்தது. நான்கூட இழுத்துப் பார்த்தேன், மொடமொடவென்று இருந்தது. ஆனால் வருஷக்கணக்காகக் கடலில் ஊறின கயிறு. வெயில் இறங்கினதும் அதற்குள் இருந்த உப்பு ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் வேலை செய்த லைன் நின்றிருந்தது, பக்கத்து லைன் நிற்கவில்லை. அவர் மேலே ஏறிக் கயிற்றைப் பிடித்திருந்தபோது காற்றில் அதன் நுனி அங்கே போய் உரசியது. கோவிந்தசாமி ஒரு சத்தமும் போடவில்லை. அவர் மேலிருந்து விழுந்ததை நான் பார்த்தேன். அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் என்ன செய்வது என்று தெரியாததால் விடவில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புயல். ராத்திரி முழுக்க அடித்து விடியும்போது ஓய்ந்தது. காலையில் காதர் பாயும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் லைன் பார்த்துக்கொண்டே வடக்கே போனோம். திருவொற்றியூர் தாண்டிக் கடலோரத்தில் ஒரு கும்பல் நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. சுவர், கூரை, கதவு எல்லாம் தகரத்தால் ஆன ஒரு வீடு. பக்கத்துக் கம்பம் சாய்ந்து, கம்பி அறுந்து, அதன் கூரை மேல் கிடந்தது. சுவரோரம் ஒரு கோழி விறைத்துக் கிடந்தது. அதை எடுக்கப் போன ஒருவரைச் சுவர் தூக்கி எறிந்திருக்கிறது. அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீடு சவரிமுத்து என்பவருடையது. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், கருவாட்டு வியாபாரம். விடிந்ததும் கருவாட்டுக் கொட்டகை என்ன ஆயிற்று என்று பார்க்கப் போயிருக்கிறார். அவர் போன பிறகுதான் கம்பி விழுந்திருக்கிறது. உள்ளே அவர் மனைவி புஷ்பம், மடியில் பால் குடிக்கிற பிள்ளை. கதவு உள்ளே சங்கிலி போட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் போட்ட சத்தத்தில் விழித்த பெண் கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கிறாள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர்.

காதர் பாய் பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்தார். எங்களுக்கு இருந்தது ஒரே ஜோடி. அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடக்கி, கன்னத்தருகே வைத்துப் பிதுக்கினார். ஒன்று சரியாக இருந்தது. இன்னொன்றைப் பிதுக்கும்போது அவர் முகம் மாறியது. காற்று கன்னத்தில் பட்டிருக்கிறது, எங்கோ ஊசி ஓட்டை. இரண்டையும் பைக்குள் திரும்பப் போட்டார். கம்பியைத் தள்ளிவிடக் காய்ந்த மூங்கில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குப்பமே நனைந்து கிடந்தது. கடத்தாது என்று நாங்கள் ஒப்பித்ததில் ஒன்றும் மிச்சமில்லை.

"நான் போயி டிரான்ஸ்பார்மர்ல கட்டைய புடுங்கிகினு வரேன்" என்றார் என்னிடம். "என் கைல கட்டைய பாக்காம ஒருத்தனையும் கிட்ட வுடாத. அந்தப் பொண்ண எறங்கவும் வுடாத. பேசிக்கினே இரு." ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த மனிதர் என்னை ஏன் விட்டுப் போனார் என்று அப்போது அவர் மேல் எரிச்சலாக வந்தது.

தண்ணீர் தேங்காத மணல் மேட்டில் நின்று, சுவரிலிருந்து தள்ளியே குரல் கொடுத்தேன். "யம்மா, நான் லைன்மேன் ஏகாம்பரம் பேசறேன். எது மேல குந்திங்கீற?"

"பலகைக் கட்டில்ல இருக்கேன்ணே."

"சொவுத்துல ஒட்டிக்கினு கீதா கட்டில்?"

"ஒரு பக்கம் ஒட்டித்தான் இருக்கு."

"அந்தப் பக்கம் போவாத. நடுவுல குந்து. கால தொங்கப் போடாத. கைல இன்னா போட்டுங்கீற?"

"கண்ணாடி வளையல்தாம்ணே."

கண்ணாடி. நல்லது. மரக்கட்டில், அதுவும் நல்லது. இந்த மட்டும் போதும், காதர் பாய் வரும்வரை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சல் கேட்டுக் கொட்டகையிலிருந்து ஓடி வந்த சவரிமுத்து என் பக்கத்தில் நின்று மாதாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"அண்ணே, கட்டில் கடிக்குது."

எனக்குப் புரியவில்லை.

"கட்டில் சுள்ளு சுள்ளுன்னு கடிக்குதுண்ணே. பிள்ளையும் அழுதான்."

சவரிமுத்துவைப் பிடித்து உலுக்கினேன். "கட்டிலுக்கு அடில இன்னா வச்சிங்கீறீங்க?"

"உப்பு மூட்டைண்ணே. கருவாட்டுக்குப் போடுத உப்பு."

தண்ணீர் ஏறி உப்பு மூட்டை கரைந்து, அந்தத் தண்ணீர் கட்டில் காலில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கரண்டு இருக்கிற சுவர், ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் நனைந்துகொண்டே வருகிற மரம். அதன் மேல் அவள். கோவிந்தசாமியின் கயிறுதான் கண் முன்னால் வந்தது. கட்டில் இப்போது கிள்ளுகிறது. இன்னும் கொஞ்சம் ஊறினால் கிள்ளுவதோடு நிற்காது. இறங்கச் சொன்னால் அப்போதே முடிந்துவிடும்.

சப்ஸ்டேஷனில் ஒரு முக்காலி உண்டு. பலகைக்குக் கீழே கால்களுக்குப் பதிலாகப் பீங்கான் வைத்திருக்கும். ஸ்விட்ச் போடுகிறவர் அதன் மேல் ஏறி நின்றுதான் போடுவார். அது ஞாபகம் வந்தது.

"யம்மா, கைக்கு எட்ற மாதிரி ஊறுகா ஜாடி எதுனா கீதா? பீங்கான் ஜாடி?"

"இருக்குண்ணே, பெட்டி மேல மூணு. ஊர்ல இருந்து அம்மை குடுத்துவிட்டது. நார்த்தங்கா."

"குந்தற மணை?"

"அதுவும் இங்கனதான் இருக்கு."

"சொவுரு மேல கை படாம ஒண்ணொண்ணா எடு. காஞ்ச துணி எதுனா வச்சி நல்லா தொட. ஜாடியோட வெளிப்பக்கம் பூரா, அடி முட்டும் தொட."

கொஞ்ச நேரம் கழித்து அவள், "தொடச்சிட்டேன்" என்றாள். எனக்குப் போதவில்லை. உப்பிலும் எண்ணெயிலும் வருஷம் முழுக்கப் புழங்குகிற ஜாடி அது.

"நாக்கால தொட்டுப் பாரும்மா. கரிக்குதா?"

கூட்டத்தில் யாரோ, "இன்னாய்யா இவன், பைத்தியக்காரனா?" என்றார். நான் திரும்பவில்லை. உள்ளேயிருந்து, "கரிக்குதுண்ணே" என்றாள்.

"திரும்பத் தொட."

"துணியில பிள்ள ஒண்ணுக்கு விட்டுட்டான்ணே." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையின் மூத்திரமும் உப்புத் தண்ணீர்தான். "அத்த தூரப் போடு. தலைகாணி உறைய கழட்டு. அடிப்பக்கம் காஞ்சிருக்கும்." அவள் துடைத்தாள், நக்கினாள், மறுபடி துடைத்தாள். "இப்ப கரிக்கல" என்று சொன்ன பிறகு, எச்சில் ஈரத்தையும் துடைக்கச் சொன்னேன். மூன்று ஜாடியையும் கட்டிலின் நடுவில் நெருக்கி வைத்து, மேலே மணையைப் போட்டு, பிள்ளையோடு அதில் ஏறிச் சம்மணமிட்டு உட்காரச் சொன்னேன்.

"தல தகரத்துல இடிக்கும்போல இருக்குண்ணே."

கூரை தாழ்வு. அதை நான் யோசிக்கவில்லை. அவள் தலைமயிர் நனைந்திருக்குமோ என்னவோ. "குனிஞ்சிக்க! புள்ளைய மார்ல அணச்சிக்கினு குனிஞ்சே குந்து!" என்று கத்தினேன். மணை ஏறும் சத்தமும் ஜாடிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும் கேட்டன.

"கடிக்கலண்ணே" என்றாள் மெதுவாக.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருக்கோடி டீக்கடையில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது, அதே லைன்தான். திடீரென்று அது அணைந்தது. "கரண்டு போச்சு! போச்சு!" என்று கூட்டம் கத்தியது. சவரிமுத்து கதவைப் பார்த்து ஓடினார். நான் பின்னாலேயே பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன். இருவரும் சேற்றில் விழுந்தோம்.

"விடுல! அதான் போயிட்டுல்லா! எம் பொண்டாட்டி பிள்ள உள்ள கெடக்கு!"

"பாய் வரட்டும். கட்டைய பாக்காம வுடமாட்டேன்."

முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. கூட்டமும் அவர் பக்கம்தான் பேசியது. விளக்கே அணைந்துவிட்டது, இந்தப் பயந்தாங்கொள்ளி விடமாட்டேன் என்கிறானே என்று ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பாய்தான் பிடுங்கியிருப்பாரோ, நான் வீணாக ஒரு மனிதரைத் தடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்று பிடி தளர்ந்தது.

டீக்கடை பல்பு மறுபடியும் எரிந்தது.

சவரிமுத்து அதைப் பார்த்தார். அவர் கைக்கும் கதவுக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. எங்கே யார் எதை நிறுத்தினார்கள், எதைத் திரும்பப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கையை மெதுவாக மார்புக்கு இழுத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்துப் பல்பு இரண்டாம் தடவை அணைந்தது. இந்த முறை ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். காதர் பாய் தேங்கின தண்ணீரில் இறங்கி நடந்து தொப்பலாக நனைந்து வந்தார், சைக்கிள் இல்லை. சட்டையைக் கழற்றி அதில் எதையோ முடிந்து வைத்திருந்தார். அவிழ்த்துக் காட்டினார். மூன்று பீஸ் கட்டைகள்.

அப்போதும் அவர் விடவில்லை. குப்பத்தாரிடம் வாங்கின கடப்பாரையை ஈர மணலில் அடித்து, அவர்கள் கொடுத்த இரும்புச் சங்கிலியின் ஒரு முனையை அதில் கட்டி, மறுமுனையைக் கூரை மேல் வீசினார். கரண்டு மிச்சம் இருந்தால் சங்கிலி வழியாக மண்ணில் இறங்கிப் பொறி பறக்கும். பறக்கவில்லை. பிறகுதான் கதவை நெம்பித் திறந்தார்.

உள்ளே அரை இருட்டில் அவள் மணை மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தூங்கிவிட்டது. சவரிமுத்து வாசலில் நின்று, "இறங்கி வா புஷ்பம், போயிட்டு" என்றார். அவள் அசையவில்லை. "எறங்கும்மா" என்றார் பாய். தலையை ஆட்டினாள். பாய் என்னைப் பார்த்தார். "உன் கொரலுதான் அதுக்குப் பழக்கம். நீ சொல்லு."

நான் வாசலுக்குப் போனேன். "நான்தாம்மா, ஏகாம்பரம். எறங்கலாம்."

அதுவரை அவள் என்னைப் பார்த்ததில்லை. கிழிந்த உதட்டையும் சேறு அப்பின சட்டையையும் பார்த்தாள். "நீங்க அந்தத் தகரத்தைத் தொட்டுக் காட்டுங்கண்ணே" என்றாள்.

வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிச் சுவரிடம் போனேன். கை தானாகத் திரும்பிக்கொண்டது. புறங்கையால் தொட்டேன். ஒன்றுமில்லை.

"ஏண்ணே பொறங்கையால தொடுதீய?"

கட்டை பாயின் சட்டையில் இருக்கிறது. சங்கிலி கூரையில் இருக்கிறது. எல்லாம் தெரியும். இருந்தும் பயம் போகவில்லை, அதை அவள் பார்த்துவிட்டாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் செய்யாத ஒன்றை அப்போது செய்தேன். கையைத் திருப்பி, விரலையெல்லாம் விரித்து, உள்ளங்கையை அந்தத் தகரத்தில் முழுசாக அழுத்தி வைத்தேன். எடுக்காமல் நின்றேன்.

புஷ்பம் என் கையைப் பார்த்தபடியே ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். அப்புறம் இன்னொரு காலையும் வைத்தாள்.